திரும்பவும் அதே சூளைக்கா?

அன்புள்ள பானு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே நின்று விடு. அம்மா மறக்கமாட்டாள், மறந்தது போல இருந்துவிடுவாள்.

உன் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவி செங்கல் சூளைக் கொத்தடிமைகளைப் பற்றிக் கேட்ட கேள்வியை இரண்டு முறை படித்தேன்: "மீட்டுக் கொண்டுவந்த குடும்பமே ஆறு மாசத்துல அதே சூளைக்குத் திரும்பப் போயிடுதே மேடம், அப்புறம் நாம எதுக்கு?" 2014-இல் மெல்போர்னில் ஏற்றுக்கொண்ட சமூகப்பணியின் உலக வரையறையை எல்லா மாணவர்களும் ஒப்பித்துவிடுவார்கள். சமூக நீதி என்று அதில் வருவது சூளை மண்ணில் என்னவாக இருக்கும் என்று இவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். அந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு உடனே ஒரு குடும்பத்தின் கணக்குக்கு வந்துவிடு. எண்ணிலேயே நின்றால் மாணவர்களுக்கு மலைப்புதான் மிஞ்சும்.

கணக்கை இப்படிப் போடு. இது வகுப்புக்கான மாதிரிதான், எந்தச் சூளையின் கணக்கு நோட்டும் இல்லை. கணவனும் மனைவியும் 30,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிச் செங்கல் அறுக்கப் போகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு 700 ரூபாய், ஒரு நாளைக்கு ஆயிரம் கல். ஆறு நாள் வேலைக்கு 4,200. வாரச் செலவுக்கு 1,500 கொடுத்துவிட்டு மீதி 2,700-ஐ அட்வான்ஸில் கழிப்பதாகப் பேச்சு. காகிதத்தில் 12 வாரத்தில் கடன் தீர வேண்டும். நடப்பது வேறு. 24 வாரப் பருவத்தில் மழை, மண் தட்டுப்பாடு, காய்ச்சல் எல்லாம் போக 16 வாரம்தான் வேலை. கூலி 67,200. உடைந்த கல், மழையில் கரைந்த கல் என்று பத்தில் ஒரு பங்கு பிடித்தால் 60,480. செலவுக்காசோ 24 வாரத்துக்கும் உண்டு, அது 36,000. ஆகக் கடனில் கழிவது 24,480. நடுவில் மருத்துவத்துக்கு 4,000, ஊர்த் திருவிழாவுக்கு 5,000 வாங்கியிருப்பார்கள். பருவ முடிவில் 14,520 ரூபாய் பாக்கி. அடுத்த ஆண்டு அதன்மேல் புது அட்வான்ஸ் ஏறும்.

இதில் பொய்க்கணக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை என்பதைக் கவனி. சங்கிலியும் இல்லை, அடியும் இல்லை. நோட்டு முதலாளி கையில் இருக்கிறது, வேறு வேலைக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான். ஓர் ஆளுக்கு நாள் கூலி என்ன விழுந்தது என்று பிரித்துப் பார்க்கவும் சொல்லிக்கொடு. கட்டாயத்தின் பேரில் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்வது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் சொல்லிவிட்டது. அந்தக் கட்டாயம் பசியாகவும் இருக்கலாம் என்பதும் அதே தீர்ப்பு. ஆகவே கூட்டல் கழித்தல் தெரியாத சமூகப்பணியாளர் இந்த வேலைக்கு ஆக மாட்டார்.

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அட்வான்ஸ் போன்ற ஒரு காரணத்துக்காக உழைப்பவரிடம் நான்கு அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறது: கூலி இல்லை அல்லது பேருக்குக் கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை பறிபோனது, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாதது, தன் பொருளையோ உழைப்பின் விளைவையோ சந்தை விலைக்கு விற்க முடியாதது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். 15-ஆவது பிரிவின்படி, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். ஆனாலும் விசாரணைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது "அடிச்சாங்களா? பூட்டி வெச்சாங்களா?" என்றுதான். இல்லை என்று பதில் வந்ததும் கோப்பு மூடப்படும். சட்டத்தில் இல்லாத கேள்வியால் கோப்பு மூடப்படுவதைத் தடுப்பது சமூகப்பணியாளரின் முதல் வேலை.

அதே போல நம் மாணவர்களும் "நீங்க கொத்தடிமையா?" என்று கேட்டுவிடுவார்கள். எந்த மனிதர் ஆமாம் என்பார்? "கடன் வாங்கினோம், அடைக்கணும்" என்பார்கள், அதுவும் மானத்தோடு. கேட்க வேண்டியவை வேறு. அட்வான்ஸ் எப்போது, எதற்காக வாங்கினீர்கள்? கணக்கு நோட்டு யாரிடம்? கடைசியாக ஊருக்குப் போனது எந்தத் துக்கத்துக்கு, எந்த விசேஷத்துக்கு? போனபோது சூளையில் யாரை விட்டுவிட்டுப் போனீர்கள்? பக்கத்துச் சூளையில் நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றால் போக முடியுமா? ஓடிப்போன குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? எல்லோரும் சேர்ந்தே போக முடியாமல் ஒரு பிள்ளை எப்போதும் சூளையில் இருக்க வேண்டும் என்றால் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மனு எழுத்தில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ நேரில் கொடுக்க வேண்டும். இடம், அடையாளம், எத்தனை குடும்பம், எவ்வளவு அட்வான்ஸ், எத்தனை காலமாக என்பவை போதும். பல மேசைகளுக்கு நகல் போனால் செய்தி கசிந்து அன்று ராத்திரியே சூளை காலியாகிவிடும். மாணவர்கள் தாங்களாகப் போய் யாரையும் வண்டியில் ஏற்றி வரக்கூடாது, சொல்லிவை. அப்புறம் அது மீட்பாக நிற்காது, ஆள் கடத்தலாகத் திரும்பும்.

மீட்பு நாளில் எப்போதும் குறைவது வண்டி. ஆட்களை எண்ணுவார்கள், சாமான்களை எண்ணமாட்டார்கள். பாத்திரம், கோழி, நாய், மூட்டை அரிசி எல்லாம் உண்டு. கோழியை விட்டுவிட்டு வா என்றால் பாதிப் பேர் ஏறமாட்டார்கள், அது நியாயமும்கூட. குழந்தைகளுக்குப் பால், பெண்களுக்கு நாப்கின், ராத்திரி படுக்க இடம் மூன்றும் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். வாக்குமூலத்தைச் சூளையில் வைத்து எடுக்கக் கூடாது. கோட்டாட்சியர் அலுவலகத்தில், முதலாளியும், ஆள் சேர்த்துக் கூட்டிவந்த மேஸ்திரியும் கண்ணில் படாத அறையில் எடுக்க வேண்டும். மேஸ்திரி பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். அவர் எதிரே எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள்.

அடுத்த தவறுதான் விலை அதிகமானது. குடும்பத் தலைவரிடம் மட்டும் வாக்குமூலம் வாங்கி, கொத்தடிமையாக இருந்து விடுதலையானவர் என்று அரசு தரும் விடுதலைச் சான்றிதழைக் குடும்பத்துக்கு ஒன்று என்று முடித்துவிடுவார்கள். சூளை நோட்டில் புருஷன் பெயர்தான் இருக்கும். மண் குழைத்தது யார், கல் புரட்டியது யார், அடுக்கியது யார் என்று வாக்குமூலத்தில் வராவிட்டால் மனைவியும் 15 வயது மகனும் அரசுக் கணக்கில் வேலையே செய்யாதவர்கள். மத்திய அரசுத் திட்டத்தில் மறுவாழ்வு நிதி ஆள்வாரி: வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் இருந்தவர்களுக்கும் திருநங்கையர், மாற்றுத்திறனாளிகளுக்கும் 3 லட்சம். ஒரு பேனா கோடு விட்டுப்போனால் அந்தப் பெண்ணுக்கு 2 லட்சம் இல்லை. இன்னொன்று, நாலு பேர் வாக்குமூலமும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீனி. சொல்லிக்கொடுக்காதே, கேள், அவர்கள் வார்த்தையிலேயே எழுது.

ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் என்றால் சான்றிதழ் கையில் வராமல் ரயிலேற்றவே கூடாது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அவர்கள் ஊர் அலுவலகத்தில் வேலை பிடிக்காமல் திரும்பிவந்த கூலிகள், வேறொன்றும் இல்லை. அங்கே நுவாகாய் என்னும் அறுவடைப் பண்டிகைக்குப் பிறகு புது அட்வான்ஸோடு ஏஜென்ட் வந்துவிடுவான்.

உடனடி நிதி 30,000 ரூபாய் வரை, வழக்கின் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லாதது. அதுவே வங்கி வாசலில் தடுக்கி விழும். ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர், அல்லது ஆண்டுக்கணக்கில் அசையாமல் முடங்கிப்போன கணக்கு. மனைவியின் பணம் புருஷன் கணக்கில் போய் உட்காரும். முதல் வாரத்திலேயே தனித்தனிக் கணக்கு தொடங்கு என்று குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதச் சொல்.

பெரிய தொகை வழக்கோடு பிணைந்தது. வழக்கோ, உனக்குத் தெரியாததல்ல. 1976-இல் வைத்த தண்டனை இன்றும் அதே: மூன்றாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீன் உண்டு. பறித்த ஒவ்வொரு நாள் உழைப்புக்கும் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய் கொடுக்கவேண்டும் என்கிறது 18-ஆவது பிரிவு. ஐந்து ரூபாய்! அதனால் முதல் தகவல் அறிக்கையிலேயே பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள் கடத்தலுக்கான 143-ஆவது பிரிவும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் முதலாளி அப்படி இல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொத்தடிமை உழைப்புக்கான 3(1)(ஹெச்) பிரிவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். "கூலித் தகராறு" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது.

பிரேசிலை இங்கே கொஞ்சம் சொல். அங்கே 1995 முதல் நடமாடும் ஆய்வுக் குழு உண்டு. தொழிலாளர் ஆய்வாளர்கள் பண்ணையிலேயே உட்கார்ந்து பாக்கிக் கூலியைக் கணக்கிட்டு முதலாளியிடமிருந்து வசூலிக்கிறார்கள். மீட்கப்பட்டவருக்கு மூன்று மாதத்துக்குக் குறைந்தபட்ச ஊதிய அளவில் வேலையின்மைக் காப்பீடு. அகப்பட்ட முதலாளிகளின் பெயர்ப் பட்டியலை 2003 முதல் அரசே வெளியிடுகிறது. நாம் சான்றிதழைத் தேடும் நேரத்தில் அவர்கள் கூலியைத் தேடுகிறார்கள். எனக்கு அந்த வரிசை பிடிக்கிறது.

நேபாளம் மறுபக்கம். 2000 ஜூலை 17 அன்று மேற்குத் தராய் மாவட்டங்களில் தாரு பழங்குடி மக்களைப் பண்ணைக் கொத்தடிமைகளாக வைத்திருந்த கமையா முறை ஒழிந்தது என்று அரசு அறிவித்தது. கடன் தள்ளுபடி, விடுதலை. நிலமும் வீடும் யோசிக்கப்படவில்லை. மழைக்காலத்தில் நிலக்கிழார்கள் குடும்பங்களை வெளியே தள்ளினார்கள். சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலும் குடிசை போட்டுக் கிடந்தார்கள். சட்டமே 2002-இல்தான் வந்தது.

இப்போது உன் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். திரும்பப் போகிறார்கள், ஏனென்றால் அந்த ஊரில் பிரசவத்துக்கும் சாவுக்கும் ஒரே ராத்திரியில் 20,000 ரூபாய் கொடுக்கக்கூடிய ஆள் சூளை முதலாளி ஒருவர்தான். அட்வான்ஸ் பூட்டு மட்டும் அல்ல, அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே கடனும் அதுதான். பூட்டை உடைத்துவிட்டுக் கடனுக்கு வேறு வழி காட்டாமல் வந்தால் அவர்களே போய்ப் புதுப் பூட்டு வாங்கிக்கொள்வார்கள். மறுவாழ்வு என்று இரண்டு ஆடு கொடுப்பதெல்லாம் மேய்ச்சல் நிலம் இல்லாத இருளர் குடியிருப்பில் சில வாரக் கதை. முதல் காய்ச்சலுக்கு ஆடு சந்தைக்குப் போகும்.

வேடிக்கை என்னவென்றால் 1976 சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 13-ஆவது பிரிவின் கண்காணிப்புக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று பார். ஆட்சியர், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் மூவர், சமூகப்பணியாளர் இருவர், ஊரக வளர்ச்சித் தரப்பினர், கடைசியாகக் கடன் நிறுவனங்களின் பிரதிநிதி ஒருவர். விடுதலையானவருக்குப் போதிய கடன் கிடைக்கும்படி ஊரக வங்கிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஒருங்கிணைப்பதும் குழுவின் வேலை என்கிறது 14-ஆவது பிரிவு. சமூகப்பணியாளருக்கு சட்டமே போட்டுவைத்த இரண்டு நாற்காலி! மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி எளிது: நம் மாவட்டத்தில் அந்த இருவர் யார், கடைசிக் கூட்டம் எப்போது, வங்கிக்காரர் வந்தாரா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம். கொத்தடிமை முறை ஒழிப்பு நாளான பிப்ரவரி 9 அன்று உறுதிமொழி எடுக்கும் படத்தைவிடக் கூட்டக் குறிப்பு நமக்கு உதவும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் விடுதலையான குடும்பங்களே 'சிறகுகள்' என்ற பெயரில் செங்கல் சூளை நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது இந்த வழியில் ஒரு நல்ல முயற்சி. தெரிந்த தொழில், நோட்டு மட்டும் கை மாறியது. எல்லா ஊரிலும் சூளை வைக்க முடியாது. மாதம் நூறு ரூபாய் சேர்க்கும் குழுவும், கேட்ட மறுநாளே 5,000 கொடுக்கும் அவசர நிதியும், ரேஷன் கார்டும், குடியிருக்கும் மனைக்குப் பட்டாவும், பழங்குடிச் சாதிச்சான்றும் எல்லா ஊரிலும் முடியும். சாதிச்சான்று இழுக்கும். அதை மீட்பு நடந்த வாரமே தொடங்கிவிட வேண்டும்.

களப்பணிக் கால அட்டவணையை நீதான் போடுகிறாய் என்று எழுதியிருந்தாய். மாணவர்களை ஜனவரியில் சூளைக்கு அனுப்பாதே. புரட்டாசி, ஐப்பசியில் குடியிருப்புகளுக்கு அனுப்பு. மழையில் வேலை இல்லாமல் அடுப்பு அணைந்திருக்கும், மேஸ்திரி அட்வான்ஸோடு வரும் நேரம் அதுதான். ஒரு குடியிருப்பில் 20 வீடு எடுத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு, எதற்காக இப்போதே தேவை என்று மட்டும் எழுதி வரட்டும். அந்தத் தாளை எனக்கு ஒரு பிரதி அனுப்பு, வங்கிக்காரரிடம் பேச எனக்கும் அது வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தனம்