உன் பாட்டுப் பட்டியலும் என் கத்தரிக்கோலும்

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணத்துக்கு என்று நீ அனுப்பிய பாட்டுப் பட்டியலை அப்பா கணினியில் எழுத்தைப் பெரிதாக்கித் தந்தார், ஆறுதலாக இருந்து வாசித்தேன். தலைக்குத் தண்ணீர் வார்க்க ஒரு பாட்டு, மணவறைக்கு நடந்து வர ஒன்று, மாலை மாற்ற ஒன்று, தாலிக்கு ஒன்று என்று நிமிடக் கணக்கோடு எழுதியிருக்கிறாய். எல்லாம் நல்ல பாட்டுகள்தான், உன் ருசியில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் பாதிக்கு மேல் வெட்டப் போகிறேன். கோபிக்காதே, காரணம் சொல்லித்தான் வெட்டுகிறேன்.

பொன்னுருக்குக்கு ஒரு வீணை இசை போட்டிருக்கிறாய். புள்ள, பொன்னுருக்கு என்பது தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு, மாப்பிள்ளை வீட்டில் நடப்பது, அந்த நேரம் நீ அங்கே இருக்கவே மாட்டாய். யாழ்ப்பாணத்து மாமி வீட்டில் என்ன வாசிப்பது என்று மட்டக்களப்பிலிருந்து நாம் சொல்லிவிட ஒண்ணா. அது போகட்டும்.

பந்தலுக்குக் கன்னிக்கால் நடுகிற அன்றைக்கு அப்பாவோடுதான் சண்டை. தென்னை மரத்தில் ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டி விடிய ஐந்து மணிக்கே பக்திப் பாட்டு போட்டால்தான் கல்யாண வீடு என்று ஊருக்குத் தெரியுமாம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பந்தலுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர், வாசலைத் தாண்டாத சத்தம் என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், அன்றைக்கு என்ன செய்வாரோ.

இனி முக்கியமான இடம். மணவறைக்கு ஐயர் வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் எழும்பும் வரைக்கும் பெட்டியிலிருந்து ஒரு பாட்டும் வேண்டாம். முழுக்க மேளம்தான். மாப்பிள்ளை வீட்டார் இணுவிலில் பேசியிருக்கிறார்கள், அது தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர் போன ஊர், நாம் போய்ப் படிப்பிக்க வேண்டியதில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வரும்போது கல்யாணி ராகம் வாசிக்கலாம், மாலை மாற்றும்போது ஆனந்தபைரவி கேட்டால் எனக்குச் சந்தோஷம், முடிக்கிற இடத்தில் மத்தியமாவதிக்கு அவர்களாகவே வருவார்கள். முகாரி அழுகை ராகம், அதை நீ கேட்டாலும் கல்யாண வீட்டில் தொடமாட்டார்கள். உனக்கு ஒரு சினிமாப் பாட்டு நாதஸ்வரத்தில் கேட்க வேண்டும் என்று இருந்தால் அதைச் சாப்பாட்டுப் பந்திக்குச் சொல்லலாம், அவர்களும் ஆசையாக வாசிப்பார்கள்.

தாலிக்கு நீ ஒன்றரை நிமிடத்துப் புல்லாங்குழல் இசை வைத்திருக்கிறாய். அந்த ஒன்றரை நிமிடம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும், மகள்? ஐயர் கையைத் தூக்குவார். அதுவரைக்கும் சும்மா மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்த தவில்காரர், வலது கையில் விரல்களுக்குக் கூடு மாட்டியிருப்பார், இடது கையில் கம்பு, அந்தக் கையைக் கண்டதும் இரண்டு பக்கமும் விழுகிற அடியில் பந்தல் அதிரும். மாப்பிள்ளையின் கை நடுங்கும், தாலிக்கொடி உன் கொண்டைப் பூவில் சிக்கும், பின்னால் நிற்கிற மச்சாள் பூவைத் தூக்கிப் பிடிப்பாள், பூட்டு மாட்டாது, மறுகா மாட்டும். அது எவ்வளவு நேரம் எடுத்தாலும் கெட்டிமேளம் கூடவே நிற்கும். அந்த நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். புல்லாங்குழல் என்றால் பின்வரிசையில் இருமுகிறவரின் இருமல்கூடக் கேட்கும்.

சரி, பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தும் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பெண்கள் நாக்கை ஆட்டி எழுப்புகிற குரவைச் சத்தம் எங்கே? பிள்ளை பிறந்தால் குரவை, பெரிய பிள்ளையானால் குரவை, அம்மன் கோயில் சடங்கில் கும்பம் எடுத்தால் குரவை, காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்திலும் பெண்கள் குரவை போடுவார்கள். நீ பிறந்தபோது என் அம்மா, உன் பெத்தா, போட்ட குரவையைத் தெருவே கேட்டது. மாப்பிள்ளை வாசலில் கால் வைக்கும்போது, தாலி ஏறும்போது, ஆலாத்தி எடுக்கும்போது மூன்று இடத்திலும் குரவை வேண்டும். மாமி வீட்டார் கொஞ்சம் திடுக்கிட்டால் திடுக்கிடட்டும், மட்டக்களப்பில் பெண் எடுத்தால் இதெல்லாம் கேட்கத்தானே வேண்டும்.

இளம் பிள்ளைகளுக்கு இப்போது குரவை வருகுதில்லை, வெட்கப்படுகிறார்கள். பெரியம்மாவோடு எங்கள் தெருவில் மிச்சம் இருக்கிற கிழவிகளை எல்லாம் மணவறைக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்கப் போகிறேன். போன வருடம் ஒரு கல்யாணத்தில் அவர்களைக் கடைசி வரிசையில் விட்டுவிட்டார்கள், தாலி கட்டி முடிந்தது அவர்களுக்குத் தெரியாது, ஆட்கள் சாப்பிட எழும்பிய பிறகு பாவம் குரவை போட்டார்கள். பெரியம்மா உதட்டைக் குவித்து நாக்கை ஆட்டத் தொடங்கும்போது கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி மற்றவர்களைப் பார்ப்பா, அவ்வளவுதான் சைகை. ஒருத்தியின் மூச்சு முடிகிற இடத்தில் அடுத்தவள் எடுத்துக்கொள்வாள், வெட்டுத் தெரியாது.

இதோடு சேர்த்து வீடியோக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நீயே அவருக்கு எழுது. எங்கள் கல்யாணம் 1993-ல், யுத்தத்துக்குள், இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டிய காலம், ஜெனரேட்டர் வைத்து ஒரு கசெற் எடுத்தோம். எடுத்தவர் மேளத்தையும் குரவையையும் அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் சினிமாப் பாட்டை ஏற்றித் தந்தார். அதில் பெத்தாவின் வாய் அசைகிறது, நாக்கு ஆடுகிறது, கேட்பது யாரோ ஒரு பாடகர். பெத்தாவின் குரல் வேறு எந்தக் கசெற்றிலும் இல்லை. உன் வீடியோவுக்கு நீ விரும்பிய பாட்டைப் போட்டு ஐந்து நிமிடத்தில் வெட்டித் தரச் சொல், அதைக் கனடாவில் சிநேகிதிகளுக்குக் காட்டு. ஆனால் மணவறைப் பகுதி முழுவதையும் அந்த நேரத்துச் சத்தத்தோடு, கை வைக்காமல், தனியாகத் தர வேண்டும் என்று காசு பேசும்போதே சொல்லிவிடு. பிறகு கேட்டால் அழித்துவிட்டோம் என்பார்கள்.

அடுத்தது, பெண்ணை அனுப்பும் நேரத்துக்கு என்று நீ வைத்திருக்கும் அந்த அழுகைப் பாட்டு. எங்கள் ஊரில் யாரை எங்கே அனுப்புவது? வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார், குடி என்கிற வம்சமும் தாய்வழி. உன் பெத்தாவும் நானும் கல்யாணம் முடிந்து பிறந்த வீட்டை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம், அதற்கு எதற்கு ஒப்பாரி? வேறு ஊர்க் கல்யாண வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து உனக்கு அது பிடித்துவிட்டது. நீ கனடாவுக்குப் போவாய்தான், தெரியும். அதற்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் அழுதுகொள்கிறேன், அங்கே மேளமும் வேண்டாம் பாட்டும் வேண்டாம். இதை வெட்டியே ஆக வேண்டும்.

பின்னேர வரவேற்பு உன்னுடையது, உன் இஷ்டம். இரண்டு விஷயம் மட்டும். நீங்கள் ஹோலுக்குள் வரும்போது போடச் சொன்ன பாட்டின் சரணத்தை ஒருக்கால் கேள், பல்லவியில் காதல், சரணத்தில் அந்தப் பெண் செத்தே போகிறாள். மெட்டு நல்லதென்றால் வாத்தியத்தில் மட்டும் வாசித்தது இருந்தால் போடு. அடுத்தது, பாட்டுப் போடுகிற போனை ஒரே ஒருவரின் கையில் கொடு, அதில் சிம் இருக்கக் கூடாது. கல்லடியில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டக் கத்தியைப் பிடித்த நேரம் போன் அடித்து, யாரோ கடன் கொடுத்த மனிசன் பேசியது ஹோல் முழுக்கக் கேட்டது. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

சாப்பிடுகிற நேரத்துக்கு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த மச்சாள் வயலின் வாசிக்கிறேன் என்கிறாள், ஓம் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் பைலாவை மறக்காதே, மாமாக்கள் அதற்காகத்தான் வருவார்கள். அப்பாவோடு வேலை செய்த பறங்கியர் குடும்பம் வயலினும் மண்டலினும் கொண்டு வந்து அவர்களுடைய ஆட்ட இசையான கபிரிஞ்ஞா வாசிக்கிறோம் என்றார்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதற்கு ஆடாத கால் இல்லை, நீயும் சின்ன வயதில் ஆடியிருக்கிறாய். அந்த அரை மணித்தியாலத்துக்கு உன் டிஜேயை இருக்கச் சொல்.

வரவேற்பில் பறை வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். உன் அப்பா முகத்தைச் சுளித்தார், நான் சுளிக்கவில்லை. கோயில் சடங்குக்குப் பறைமேளம் இல்லாமல் அம்மன் வெளியே வரமாட்டா, மரணவீட்டுக்கும் அந்தப் பறை அடிக்கிறவர்களே வருவார்கள், ஆனால் கல்யாண வீட்டு வாசலில் அவர்களை நிறுத்திப் பழகிய ஊர் இது. கனடாவில் நீங்கள் மேடையில் அடிப்பது வேறு. இங்கே கூப்பிடுகிறதென்றால் அப்பாவும் நானும் நேரில் போய் வெற்றிலை வைத்துக் கூப்பிட வேண்டும், வந்தவர்களுக்கு எங்களோடு அதே பந்தியில் சாப்பாடு. போட்டோவுக்காக ஐந்து நிமிடம் அடிக்கவிட்டுப் பின்பக்கத்தால் அனுப்புவதென்றால் கூப்பிடவே வேண்டாம். அப்பாவை நான் சரிக்கட்டுகிறேன், ஆனால் நீ யோசித்துச் சொல்.

வெட்டியது போக மிச்சப் பட்டியலை அப்பாவின் வட்ஸ்அப்புக்கு அனுப்பு, வெள்ளிக்கிழமை டிஜே பெடியன் வீட்டுக்கு வருகிறான். பிளவுஸ் அளவு இன்னும் வரவில்லை, தையல்காரி என்னைத்தான் ஏசுகிறாள்.

அன்புடன்,
அம்மா