ஜன்னலோரத்துக்கு ஒரு பாட்டில் பூ

அன்புள்ள கண்ணா,

நலம். நீ நலமா? போன வாரம் வீடியோவில் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாய். கட்டில், மேசை எல்லாம் வந்துவிட்டது, திரைச்சீலை கூடப் போட்டுவிட்டாய். ஆனாலும், "யார் வீட்டிலோ தங்கியிருக்கிற மாதிரியே இருக்கும்மா" என்றாய். பெரிய பிளாஸ்டிக் பூங்கொத்து ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், அதை வாங்கி மூலையில் வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னாய். அப்போது ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நிதானமாக எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அதை வாங்காதே. ஒரு வாரம் போனால் நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய், தூசிதான் படியும். தண்ணீர் மாற்ற வேண்டிய பூ அப்படியில்லை. அதற்காகவே ஜன்னல் பக்கம் போய் நிற்பாய். உனக்கு அந்த வீடு பழக வேண்டுமென்றால் அதில் உன் கை படுகிற வேலை ஏதாவது இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததில் சுலபமானவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு காலிக் கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொள். சுடுதண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிட்டு, உள்ளே சோப்பு போட்டுக் கழுவு. வாய் குறுகலாக இருந்தால் ஒற்றைப் பூ தானாக நிமிர்ந்து நிற்கும். அகலமான ஜாடி என்றால் பூக்களெல்லாம் ஓரத்துக்குச் சாய்ந்து நடுவில் குழி விழும். அதற்குப் பச்சை நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு விற்கிறார்கள், அது வேண்டாம். மக்காத பிளாஸ்டிக் அது, பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். ஜாடியின் வாயை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, மெல்லிய செல்லோ டேப்பைக் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டாக ஒட்டு. 9 கட்டம் கிடைக்கும். கட்டத்துக்கு ஒரு தண்டு செருகி, ஓரத்தில் இரண்டு இலையைச் சரியவிட்டால் டேப் வெளியே தெரியாது.

தண்டை வெட்டுவதில்தான் பூவின் ஆயுசே இருக்கிறது. வெட்டியவுடன் தண்டுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தாலும் பூவுக்கு ஏறாது. அதனால் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் தண்டை முக்கி, உள்ளேயே வைத்து, அடியில் 2 செ.மீ. அளவுக்குச் சாய்வாக வெட்டு. கத்தி கூராக இருக்கட்டும், நசுங்கினால் குழாயும் நசுங்கிவிடும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாம் கிள்ளிவிடு. அவை அழுகித்தான் தண்ணீர் நாறும், பாக்டீரியா பெருகித் தண்டை அடைக்கும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று, அப்படியே அடியையும் கொஞ்சம் வெட்டிவிடு.

ரோஜா திடீரென்று கழுத்தை மடக்கித் தொங்கினால் தூக்கி எறிந்துவிடாதே. கல்யாணமான புதிதில் ஒரு கொத்து ரோஜா மறுநாள் காலையிலேயே தொங்கிவிட்டது என்று அப்படியே குப்பையில் போட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது செத்துப்போகவில்லை, அதற்குத் தாகம். அடியை மறுபடி வெட்டி, பூவும் தண்டுமாக வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் பல சமயம் நிமிர்ந்துகொள்ளும். இன்றைக்கும் அந்தக் கொத்து என் மனதில் இருக்கிறது.

தண்ணீரில் சர்க்கரை போடலாமா என்று நீ கேட்பாய். வெறும் சர்க்கரை போட்டால் பூவுக்கு முன்னால் பாக்டீரியா சாப்பிட்டுவிடும். 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி துணி வெளுக்கும் பிளீச் திரவம், இவை மூன்றும் சேர்ந்துதான் போக வேண்டும். பிளீச்சையும் எலுமிச்சையையும் நேராகச் சேர்க்கவே கூடாது, கெட்ட வாயு வரும். முழுத் தண்ணீரிலும் ஒன்றைக் கலக்கிய பிறகுதான் மற்றது. இன்னொன்று, உன் மேசையில் பழக்கூடை பார்த்தேன். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது பட்டால் பூ சீக்கிரம் வாடும். இரண்டையும் ஒன்றாக வைக்காதே.

பூ முழுதும் வாடுவதற்கு முன்னால், பாதி மலர்ந்த நிலையிலேயே சிலவற்றை எடுத்துக் காயவைத்துக்கொள். நான் முதலில் வெயிலில் காயவைத்து, சிவப்பெல்லாம் வைக்கோல் நிறமாகிப் போனது. வெளிச்சம்தான் நிறத்தைத் தின்னும். நாலைந்து தண்டை ரப்பர் பேண்டால் கட்டி, இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடு. காயக் காயத் தண்டு சுருங்கும், நூலாக இருந்தால் நழுவிவிடும், ரப்பர் பேண்டு கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். மெழுகுவர்த்தி பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, காய்ந்த பூ சட்டென்று பற்றும். பாட்டிலுக்குச் சணல் கயிறு சுற்றுவது, குச்சிகளை வளைத்துக் கட்டிச் சுவரில் மாட்டும் வளையம், இதெல்லாம் நீயே பார்த்துச் செய்துவிடுவாய்.

பூ கிடைக்காத நாட்களுக்குத்தான் கிரேப் பேப்பரில், அதாவது இழுத்தால் விரியும் சுருக்கக் காகிதத்தில், செய்யும் பூ. எனக்கு இதில் தனி ஆசை. பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார், மெல்லிய சுருக்கக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். அந்தக் கோடு இதழின் அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் வர வேண்டும். வெட்டிய இதழை இரண்டு கட்டைவிரலும் நடுவில் படும்படி பிடித்து, மெதுவாக இரு பக்கமும் இழு. கோடுகள் விரிந்து, தட்டையாக இருந்த காகிதம் உன் விரல் அடியிலேயே குழிந்து கிண்ணம் மாதிரி ஆகும். நிஜ இதழ் விரிவதைப் போலவே இருக்கும், எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அந்த நொடி சந்தோஷம்தான். மேல் விளிம்பைப் பென்சிலில் சுருட்டி வெளிப்பக்கம் மடக்கு. கம்பி முனையில் 5 சின்ன இதழை இறுக்கமாகச் சுற்று. அதற்கு வெளியே 8 பெரிய இதழ், ஒவ்வொன்றும் முந்தைய இரண்டுக்கு நடுவில் வரட்டும். இதழ்களின் அடியையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றுவதற்கென்றே விற்கும் பச்சை டேப் (ஃப்ளோரல் டேப்) சும்மா தொட்டால் ஒட்டாது. இழுத்தால்தான் அதன் மெழுகு வெளிவந்து ஒட்டும். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பசை தடவாதே.

இதழ் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் கவலைப்படாதே. அளவெடுத்த மாதிரி எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் பூ பொம்மையாகத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு அட்டையில் இரண்டு இதழ் அளவு வெட்டி வைத்திருக்கிறேன். சின்னது உள்ளே, பெரியது வெளியே. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன், பேப்பரின் கோடு அந்தத் திசையில்தான் ஓட வேண்டும். மாற்றி வைத்து வெட்டினால் எவ்வளவு இழுத்தாலும் குழியாது. முதல் பூ முடிந்ததும், கம்பியை வெட்டுவதற்கு முன்னால், எனக்கு ஒரு படம் அனுப்பு. அடியில் டேப் சுற்றியது சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா