கொழும்பு மாநாட்டுக்கு 50 வயது: ஞாயிறு கூடுகிறோம்

கூடலூர் குழு உறவுகளுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு மாலை 3 மணி, நம் லைன் (தோட்டக் குடியிருப்பு) வாசகசாலை. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

1976இல் இதே தேதியில்தான் கொழும்பில் அணிசேரா நாடுகளின் (அமெரிக்கா, சோவியத் இரு அணியிலும் சேராத நாடுகள்) 5ஆவது உச்சி மாநாடு தொடங்கியது. சீனா கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க மண்டபத்தில் 4 நாள் நடந்தது. தலைமை அப்போதைய இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. இந்திரா காந்தியும் போயிருந்தார். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம்மவர்களை இங்கே அனுப்ப 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டதும் அதே சிறிமாவோதான். தலைவர்கள் கொழும்பில் வந்திறங்கிய அந்த வருடங்களில்தான் நம் தாத்தா பாட்டிமார் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். பாடப் புத்தகத்தில் படிப்பது மட்டும் போதாது. பிள்ளைகள் பாட்டி வாயால் கேட்கட்டும்.

1. பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும், போனில் படம் எடுத்துக்கொள்வோம்.
2. நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஜீப் உண்டு. யாருக்கு வேண்டும் என்று சொல்லுங்கள்.
3. மழைக்காலம், குடை மறக்காதீர்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பும்!
4. தேநீர் நம் செலவு. ரொட்டியும் சம்பலும் செய்ய 2 பேர் தேவை.

வருவோர் எண்ணிக்கையை வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது, சரியா?