உங்கள் டிரைவ்வேயில் யாரோ விட்டுப்போன கார்

அன்பு மகள் தாரணிக்கு,

யாரோ முன்பின் தெரியாதவர் உங்கள் வாசலில் காரை விட்டுப் போனால் என்ன செய்வதென்று நீ போனில் கேட்டதற்கு நாலு வசனத்தில் பதில் சொல்ல ஏலாது. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன், மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. இங்கிலாந்தில், குரோலியில், அதுவும் கட்விக் விமான நிலையத்துக்கு இவ்வளவு கிட்ட வீடென்றால், அங்கே கார் விடக் காசு கட்ட மனமில்லாதவர்கள் உங்கள் ஒழுங்கைக்குள்தான் வருவார்கள். வீட்டு முன்னால் கார் விடும் இடம், அதுதான் டிரைவ்வே, படலை இல்லாமல் வெறுமையாக இருந்தால் சிலர் உள்ளேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

யாருக்குப் போன் செய்வதென்று யோசிக்க முன்னம், அந்தக் காரின் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று பார். நடைபாதை முடிந்து உங்கள் காணி தொடங்கும் கோட்டுக்கு வெளியே நின்றால் ஒரு சட்டம், உள்ளே நின்றால் வேறு சட்டம். காணிப் பதிவகத்தின் வரைபடத்தை மட்டும் நம்பி அந்தக் கோட்டைப் பிடிக்காதே. அது எல்லையைப் பொதுவாகத்தான் காட்டும், அங்குலக் கணக்குக்கு உதவாது. நடைபாதை எதுவரை என்று மேற்கு சசெக்ஸ் கவுண்டி கவுன்சிலின் வீதிப் பகுதியிடம் கேட்டு வாங்கி வை.

கார் றோட்டில், உங்கள் வாசலில் தாழ்த்திக் கட்டிய விளிம்புக்கல்லுக்கு நேரே நின்றால் உன் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும். 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து முகாமைச் சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி அங்கே மஞ்சள் கோடு இல்லாவிட்டாலும் கவுன்சில்காரர் தண்டம் எழுதலாம். ஆனால் வீட்டு வாசல் என்றபடியால், குடியிருப்பவர் முறையிட்டால்தான் வருவார்கள். அது உங்கள் விருந்தாளியின் காராகவும் இருக்கலாம் அல்லவா? தண்டம் எழுதுகிறது குரோலி நகரத்துக்கான பறோ கவுன்சில், விளிம்புக்கல்லும் றோட்டில் போடும் வெள்ளைக் கோடும் மேற்கு சசெக்ஸ் முழுவதுக்குமான கவுண்டி கவுன்சில். ஆளை மாற்றிப் போன் செய்தால் அரை நாள் போய்விடும். கார் சாய்வுக் கல்லை மட்டும் கொஞ்சம் தொட்டு நின்றால் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். எழுதினாலும் கார் அங்கேயேதான் நிற்கும்.

அவசரமில்லாத விஷயத்துக்கான பொலிஸ் இலக்கம் 101. அதற்கு அடிப்பது, உங்கள் கார் உள்ளே மாட்டி வெளியே எடுக்க ஏலாமல் போனால். அது வீதிக்கு வரும் உரிமையைத் தடுப்பது. உங்கள் கார் வெளியே நின்று உள்ளே விடத்தான் முடியவில்லை என்றால், பொலிஸ் அநேகமாகக் கவுன்சிலைக் காட்டிவிடும். நியாயமாகப் படாது, ஆனாலும் நடப்பு அதுதான்.

இன்னொன்று. முன்னம் இருந்தவர்கள் கவுன்சிலிடம் அனுமதி எடுத்துத்தான் விளிம்பைத் தாழ்த்தினார்களா என்று வீடு வாங்கிய பத்திரங்களில் பார். முன்தோட்டத்துக்குக் கல் பதித்துவிட்டு விளிம்பைத் தொடாமல் விட்ட வீடுகள் நிறைய உண்டு. அப்படியானால் அந்த 86ஆம் பிரிவு உங்களுக்கு உதவாது. நடைபாதைக்கு மேலால் காரை ஏற்றுவதே உங்கள் பக்கப் பிழையாகிவிடும்.

இனி, கார் முழுதாக உங்கள் காணிக்குள் நிற்கும் கதை. சொந்தக் காணிக்குள் என்றால் பலம் கூட என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் குறைவு. அது அத்துமீறல்தான், ஆனால் சிவில் விஷயம். பொலிஸ் வராது, கவுன்சிலின் தண்டக்காரருக்கும் உள்ளே அதிகாரம் இல்லை. கோபத்தில் மருமகன் செய்யக்கூடியவற்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். 2012 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சட்ட அதிகாரமில்லாமல் தனியார் காணியில் நிற்கும் காருக்குச் சக்கரப் பூட்டுப் போடுவது குற்றம். எடுக்கவிடாமல் மறிக்கும் எண்ணத்தோடு உங்கள் காரைப் பின்னால் கொண்டுபோய் விடுவதும், அவன் விட்ட பிறகு வாசலுக்குச் சங்கிலி கட்டிப் பூட்டுவதும் அதே குற்றத்துக்குள் வரும். ரயரில் காற்றை இறக்குவது, கண்ணாடியில் பசை போட்டுக் கடதாசி ஒட்டுவது, தள்ளி றோட்டில் விடுவது எல்லாம் வேண்டாம். ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

முதல் வேலை படம் எடுப்பது. இலக்கத் தகடு, நாலு பக்கம், சக்கரமும் எல்லையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்று. “நீங்கள்தான் கீறினீர்கள்” என்று பிறகு வந்தால் இதுதான் உங்களைக் காப்பாற்றும். அடுத்து, காரின் முன்கண்ணாடிக்குள் எட்டிப் பார். விமான நிலையத்தில் காரை வாங்கி நிறுத்தித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் யாருடையதாவது துண்டோ திரும்பும் தேதியோ இருந்தால், காரின் சொந்தக்காரர் இப்போது வெளிநாட்டில் இருப்பார். தன் கார் உங்கள் வாசலில் நிற்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அந்த ஏஜென்டைப் பிடி. துண்டு ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் நாலைந்து கதவு தட்டு. பக்கத்து வீட்டு விருந்தாளி, நோயாளியைப் பார்க்க வந்த பராமரிப்பாளர், செயலியில் வேறொரு வீட்டு டிரைவ்வேயை வாடகைக்கு எடுத்துவிட்டு இலக்கத்தை மாறிப் படித்தவர் என்று, பாதிக்கு மேல் இப்படித்தான் முடியும்.

அரசாங்க இணையதளத்தில் இலக்கத்தைப் போட்டால் வரி, எம்ஓடி என்ற வருடாந்தப் பரிசோதனை இருக்கிறதா என்று காசில்லாமல் தெரியும். வரியும் இல்லை, ரயர் தட்டை, உள்ளே பூஞ்சணம் என்றால் கைவிட்ட காராக இருக்கலாம். திருட்டுக் காரா என்று 101இல் கேட்டுவிட்டு, பறோ கவுன்சிலுக்கு அறிவி. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கைவிட்ட காரைத் தனியார் காணியிலிருந்தும் அவர்கள் அகற்றவேண்டும். அதற்கு முன் காணியில் இருப்பவருக்கு 15 நாள் அறிவித்தல் தருவார்கள். வரி கட்டிய துப்புரவான காரைக் கைவிட்டதென்று சொன்னால் எடுபடாது.

துடைப்பானுக்குக் கீழே வைக்கும் கடதாசியில் மூன்று வசனம் போதும்: இது இந்த வீட்டின் தனியார் டிரைவ்வே, படம் எடுத்திருக்கிறோம், இன்ன நேரத்துக்குள் எடுக்காவிட்டால் பதிவு உரிமையாளர் விபரத்தை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயிடம் கேட்போம். “100 பவுண் தண்டம்” என்று எழுதாதே. தண்டம் போட உனக்கு அதிகாரமில்லை, அது தெரிந்தவன் சிரித்துவிட்டுக் கசக்கி எறிவான்.

அந்த விபரத்தை வீ 888 படிவத்தில், சிறு கட்டணத்தோடு கேட்கலாம். தனியார் காணியில் விட்ட கார் என்பது அவர்கள் ஏற்கும் காரணம், படங்களை இணை. இன்றைய காருக்கு இது உதவாது, பதில் வர நாளாகும். திரும்பத் திரும்ப வருகிறவனுக்குத்தான் இந்த மருந்து. கிடைத்த பெயரை ஃபேஸ்புக்கில் போடாமல் தேதிகளோடு ஒரு கடிதம் அனுப்பு. பிறகு சிறு வழக்குக்குப் போகலாம். நட்டம் காட்டாவிட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவனால் டாக்ஸி பிடித்ததற்கும் வேறிடத்தில் கார் விட்டதற்கும் பற்றுச்சீட்டு வைத்திரு.

இவ்வளவு அலைச்சலுக்கும் பதிலாக, வாசலை மறிக்கப் பூட்டு வைத்த ஒரு தூண் போட்டுவிடுங்கள். நிலத்துக்குள் இறங்கும் தூண் பார்க்க வடிவுதான், ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குழியும், அடியில் தண்ணீர் வடியச் சரளையும் வேண்டும். குரோலிப் பக்கம் களிமண். தண்ணீர் வடியாமல் குழாய்க்குள் நின்று, மாரியில் உறைந்து, தூண் மேலேயும் வராது கீழேயும் போகாது. உங்களுக்கு மடிக்கும் தூண்தான் சரி. அதை இன்டர்லாக் கல்லில் நேரே போல்ட் அடித்துவிட்டுப் போகிற வேலைக்காரனை விடாதே. கல்லுக்குக் கீழே இருப்பது மணல். இரண்டு ஆட்டு ஆட்டினால் கல்லோடு கழன்று வரும். கல்லை எடுத்து, 30 சென்டிமீட்டர் சதுரம், அதே ஆழத்துக்குக் குழி வெட்டிக் கொங்கிறீற் போடவேண்டும். தண்ணீர் மட்டும் விட்டுக் குழைக்கும் 20 கிலோ பை மூன்று போதும். நன்றாக இறுகிய பிறகே போல்ட். தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் பெரும்பாலும் அந்த வழியாலேதான் வீட்டுக்கு வரும், ஆகவே கையால் தோண்டச் சொல்.

வாசல் 3 மீட்டர் என்றாயே, தூண் நடுவில் நின்றால் பக்கத்துக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, கார் நுழையாது. எல்லையிலிருந்து அரை மீட்டர் உள்ளே போடு. அதைவிட உள்ளே தள்ளினால் தூணுக்கு முன்னாலேயே கொண்டுவந்து விடுவான். வெளியே தள்ளினால் நடைபாதை, அது கவுண்டி கவுன்சிலின் இடம். பக்கத்து வீட்டு டிரைவ்வேக்கும் உங்களுடையதுக்கும் இடையில் மதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தால் வளைத்து வருவார்கள், இரண்டாவது தூண் தேவைப்படும். அவர்களுக்கு உங்கள் காணியால் வழியுரிமை இருக்கிறதா என்று பத்திரத்தில் பார்க்காமல் ஒன்றையும் நடாதே. மடித்த தூண் ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம் நிற்கும், உங்கள் காரின் அடி தட்டுமா என்று அளந்து வாங்கு. பூட்டுக்கு எண்ணெய் விட்டால் மண் ஒட்டும், கிராஃபைட் தூள் போடு.

படலை போடத்தான் ஆசை என்றால், றோட்டோரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தால் திட்ட அனுமதி வேண்டும். கதவு நடைபாதைப் பக்கம் திறக்கக்கூடாது. வாசலுக்கு முன் றோட்டில் கவுன்சில் காசு வாங்கிப் போடும் எச் எழுத்து வடிவ வெள்ளைக் கோடு எச்சரிக்கை மட்டும்தான், தனியே அதற்குத் தண்டமில்லை. ஆனாலும் நல்ல மனிசர் மதிப்பார்கள். கமெரா நடைபாதையையும் பிடித்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும், கீழ்நோக்கித் திருப்பி வை.

ஓகஸ்ட்டில் ஊருக்குப் போகும்போது டிரைவ்வேயை வெறுமையாக விடாதே. பக்கத்து வீட்டாரின் இரண்டாவது காரை உங்கள் இடத்தில் விடச் சொல்லி, தூணின் மற்றத் திறப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போ. கொங்கிறீற் போடுகிற ஆள் என்ன விலை சொன்னான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா