தங்கச்சிக்கு நீயே ஒரு போன் போடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். ஆச்சிக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம். டியூட்டி முடிந்து வந்து நிதானமாக வாசி.

சித்திரைக் கொடைக்கு நீ லீவில் வந்திருந்தபோது நடந்தது இன்னும் என் மனசில் கிடக்கிறது. கப்பல் படைக்குத் தேர்வாகிவிட்டேன் என்று தங்கச்சி சொன்னதும், "கப்பலில் என்ன சண்டை? எல்லையில் ஒரு ராத்திரி நின்று பார்த்தால் தெரியும், நாட்டைக் காப்பாற்றுவது யாரென்று" என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய். ஆனால் அவள் எழுந்து போய்விட்டாள். இலையில் சொதிச்சோறு பாதி அப்படியே கிடந்தது. இப்போது ஒடிசாவில் சில்காவில் பயிற்சியில் இருக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

28 வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான். உனக்கும் ஒரு பாடம் நடத்துகிறேன், கோபப்படாதே.

வங்கதேசப் போர் முடிந்த 1971 டிசம்பர் 16-ல் டாக்காவில் எடுத்த படத்தை நீயும் பார்த்திருப்பாய். பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் நம் தளபதி அரோரா உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் அந்த இரண்டு பேரை மட்டும்தான் பார்ப்பார்கள். நான் பின்னால் நிற்கிறவர்களைக் காட்டுவேன். அதில் ஒருவர் கடற்படையின் கிழக்குப் பிரிவுத் தளபதி கிருஷ்ணன், நம் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்த் என்கிற விமானந்தாங்கிக் கப்பலை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் நிற்பதாக எதிரியை நம்பவைத்தவர் அவர். அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. அப்புறம் விக்ராந்திலிருந்து பறந்த விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தான் கடற்கரையில் இருந்த சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் அடித்தன. சரணடைந்த 93,000 பேருக்கும் கப்பலேறித் தப்பிக்க வழி இல்லாமல் போனது அப்படித்தான். உங்கள் பட்டாளம் டாக்காவை நோக்கி நடந்தபோது, மேக்னா ஆற்றுப் பாலத்தை எதிரி தகர்த்துவிட்டான். ஆட்களை ஹெலிகாப்டரில் ஏற்றி அக்கரையில் இறக்கியது விமானப் படை.

கப்பலில் உயிருக்கு ஆபத்தில்லை என்று நினைக்கிறாயா? அதே டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி நம் குக்ரி போர்க்கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் அதோடு போனார்கள். அதன் கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடேயே போனார். புதைக்கவும் எரிக்கவும் ஓர் உடம்புகூடக் கரைக்கு வராத வீடுகள் எத்தனை என்று யோசித்துப் பார். பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்போது சொந்த மகளே கப்பலுக்குப் போகிறாள்.

அவள் ஏன் கப்பல் படையைத் தேர்ந்தெடுத்தாள் என்று நீ கேட்கவே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் எங்கள் போன் கிடைக்காமல் நீ தவித்தது எனக்குத் தெரியும். இங்கே என்ன நடந்தது என்று முழுசாக உனக்குச் சொன்னதில்லை, நீ அங்கே தூக்கம் கெட்டு நிற்க வேண்டாம் என்றுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. எங்கள் வளவில் இடுப்பளவு தண்ணீர். ஆச்சியைத் தூக்கித் தட்டட்டியில் உட்காரவைத்து, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தோம். ஹெலிகாப்டர் போட்ட முதல் பொட்டலம் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அடுத்தது தண்ணீர்த் தொட்டி ஓரமாக விழுந்தது. அதில் இருந்த ரொட்டியை உன் தங்கச்சி நாலு வீட்டுக்குப் பங்கு வைத்தாள்.

மறுநாள் கடற்படைப் படகு வந்தது. ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும், ஆச்சியை முதுகில் சுமந்து ஏணிப்படியில் இறங்கினான். ஆச்சி அவன் காதுக்குள், "எந்த ஊருப் பிள்ளைய்யா நீ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவனுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. கேட்டதற்கெல்லாம் "அம்மா, அம்மா" என்றான். படகு பஸ் ரோட்டைத் தொட்டதும் அங்கிருந்து எங்களைக் கைப்பிடித்து இறக்கியது உங்கள் பட்டாளத்துப் பிள்ளைகள். தங்கச்சி அப்போது ப்ளஸ் டூ. அன்றைக்கு ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டு, "அம்மா, நானும் அந்தப் படகில் போகணும்" என்றாள். பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இன்னொன்று. நாங்குநேரிப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனால் ராத்திரி விஜயநாராயணம் நேவி பேஸ் டவர்களின் சிவப்பு விளக்குகள் தெரியுமே, நீயும் அவளும் பாயில் படுத்து எண்ணுவீர்கள். நீ ஒரு கணக்குச் சொல்வாய், அவள் ஒரு கணக்குச் சொல்வாள், கடைசியில் அழுகையில் முடியும். அந்த இடம் 1990-லிருந்து இருக்கிறது, பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். பிற்பாடு நிறுத்திய டவர்களின் உயரம் 471 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அது போல எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் அந்த உயரம் வரும்.

எதற்கு அவ்வளவு உயரம் என்றால், கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் சேதி சொல்ல. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீரைத் தாண்டாது. மிகத் தாழ்ந்த அலைவரிசைதான் பத்து இருபது மீட்டர் ஆழத்துக்குப் போகும், அதை அனுப்ப அத்தனை பெரிய டவர் வேண்டும். நீர்மூழ்கிக்குள் இருக்கிறவர்கள் சேதியைக் கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. எங்கே இருக்கிறோம் என்று பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லக் கூடாது. அணு ஆயுதத்தை நாம் முதலில் எடுப்பதில்லை என்பது நாட்டின் கொள்கை. அப்படியானால் எதிரி முதலில் அடித்தாலும் திருப்பி அடிக்க ஒன்று மிஞ்ச வேண்டும். 2016-ல் படையில் சேர்ந்த அரிஹந்த் என்கிற அணுசக்தி நீர்மூழ்கி அதற்குத்தான் கடலுக்கடியில் திரிகிறது. போரே வராமல் தடுக்கிற காவல் அது.

தரை, கடல், விமானம் என்று மூன்று படையில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன். பாகிஸ்தானோடும் சீனாவோடும் நமக்கு இருக்கிற வழக்கு பெரும்பாலும் நிலத்தில்தான். அந்த நிலத்தில் மனுஷன் நின்றே ஆக வேண்டும். கார்கிலில் மிராஜ் விமானம் டைகர் ஹில்மேல் குண்டு போட்டது, ஆனால் மலையேறிப் பிடித்தது காலாள். அந்தப் போரில் 527 பேர் போனார்கள். அந்தப் பாரம் தரைப்படை மேல்தான் அதிகம் விழுகிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் லாரிக்கு ஊற்றுகிற டீசலுக்கான கச்சா எண்ணெய் பெரும்பாலும் கடல் வழியாகத்தான் வருகிறது. அந்த வழியை ஒருவன் அடைத்தால் மலைமேல் நிற்கிற நீ எத்தனை நாள் நிற்பாய்?

நம் ஊர்க் கதையும் அதுதானே. பாஞ்சாலங்குறிச்சியில் வீரத்துக்கா பஞ்சம்? 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்ட கும்பினி கப்பலில் வந்து இறங்கியது. கடலில் கும்பினிக்காரனை மறிக்க நம்மிடம் ஆள் இல்லை. அதைப் புரிந்துகொண்டுதான் 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன். வியாபாரத்துக்காக மட்டும் அவ்வளவு அடி வாங்கியிருக்க மாட்டார்.

தங்கச்சி அக்னிவீர். நாலு வருஷம் கழித்து நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். உனக்கு இருக்கிற நிரந்தரம் அவளுக்கு இல்லை. அது தெரிந்தேதான் போயிருக்கிறாள். அவளிடம் பேசும்போது இதையும் மனசில் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அவள் கையில் போன் கிடைக்கிறது. நீயே கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உனக்கு அது வராது. மாமா வீட்டுப் பாயில் படுத்து எண்ணின விளக்கு மொத்தம் எத்தனை என்று கேள். அவள் சொல்கிற கணக்கையே சரி என்று வைத்துக்கொள்.

சுக்குக் கருப்பட்டி இரண்டு பொட்டலம் பார்சலில் வருகிறது. ஒன்றை உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடு.

அன்புடன்,
அம்மா