தமிழிலும் சப்டைட்டில் வேண்டும்

ஐயா,

எங்கள் நகரின் கலை மையத் திரையரங்கில் ஒரு மாத காலம் ஈரானிய, ஜப்பானிய, வங்காளப் படங்கள் கட்டணமின்றித் திரையிடப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால், 'அனைவருக்கும் அனுமதி' என்ற அறிவிப்பு, எல்லாப் படங்களுக்கும் ஆங்கிலத்தில் மட்டுமே சப்டைட்டில் இருக்கும் நிலையில், பாதி மட்டுமே உண்மை. சென்ற ஆண்டு இதுபோன்றதொரு திரையிடலுக்கு, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த என் தாயாரை அழைத்துச் சென்று, படம் முழுவதும் அவர் காதில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்தவர் இருமுறை திரும்பிப் பார்த்தார் (அவர் மீது தவறில்லை), இடைவேளையிலேயே நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

மௌனப்படக் காலத்தில் இந்தச் சிக்கலுக்கு வழி இருந்தது. திரையருகே நின்று கதையை விளக்கிச் சொல்பவர் நம் ஊர்களிலும் இருந்தார். ஜப்பானில் அவருக்கு 'பென்ஷி' என்று தனிப் பெயரே உண்டு. இன்று அந்த அளவுக்குக்கூடத் தேவையில்லை. உள்ளூர்க் கல்லூரிகளின் தமிழ்த் துறை மாணவர்களைக் கொண்டு, வாரம் ஒரு படத்துக்கேனும் உரிமையாளரின் ஒப்புதலுடன் தமிழ் சப்டைட்டில் தயாரிக்கலாம். அது இயலாத படங்களுக்கு, முடிவைச் சொல்லாத ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு நுழைவாயிலில் வழங்குமாறு மையத்தின் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்