இடது பின் சக்கரத்து நிப்பிள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இந்த மழையில் மணிக்கட்டு கொஞ்சம் குடைகிறது, மற்றபடி சௌக்கியம். தம்பி போன ஞாயிறு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். இன்னும் யாருக்கும் விடவில்லை, விடுகிற அவசரமும் இல்லை.

நாரத்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கூரியரில் போட்டாயிற்று. நீ அனுப்பிய புது முகவரியைத்தான் எழுதினேன். அதில் உன் பெயர் மட்டும் இருந்தது. மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அப்புறம் நீ அனுப்பியபடியே எழுதிவிட்டேன். அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதம் இல்லை. சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு நானும் அம்மாவும் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்காருகிறோம். ஐந்து சனிக்கிழமை ஆயிற்று. உனக்கு அங்கே காலை நேரம், வேலை இருக்கும், தெரியும். 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி போட்டாலும் போதும்.

ராத்திரியில் தனியாக ரொம்ப தூரம் வண்டி ஓட்டாதே. கால்கரியில் இந்நேரம் பனி தொடங்கியிருக்கும். பனி டயர் போட்டால் நாலு சக்கரத்துக்கும் போடு. ரெண்டுக்குப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பிரேக் ஆயில் எப்போது மாற்றினாய்? ரெண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிதாக ஊற்றும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காத ஆயில், ஈரம் ஏறிய பிறகு 140லேயே கொதித்துவிடும். ஆவி வந்துவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜீப்பின் கவரைப் பிரித்துவிட்டேன்.

பிரித்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தொட்டதும் தார்ப்பாய் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே அணில் கூடு. தரைத் தகடு ஓட்டுநர் பக்கம் காலை வைத்தால் கீழே போகிற மாதிரி இருந்தது. சிவாஜிநகரிலிருந்து டிங்கர் வேலை செய்கிற பாய் ஒருவர் வந்து பார்த்தார். முட்டி போட்டு, சேஸிஸை நீளவாக்கில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்துக் கேட்டார். 'எலும்பு நல்லா இருக்கு சார், சதைதான் போயிருக்கு' என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் இதைச் செய்து முடித்துவிடலாம் என்று தைரியம் வந்தது. மழையில் நனையாமல் போர்டிகோவுக்குள் நிறுத்தினது நல்லதாயிற்று. தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார். அடியில் ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு நானே அடித்தேன்.

இன்ஜின் பிடித்துக்கொண்டிருந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தேன். தினமும் காபி குடித்துவிட்டு வந்து முன்னால் ஹேண்டிலைப் போட்டு ஒரு தரம் அழுத்திப் பார்ப்பேன். பத்து நாள் மலை மாதிரி இருந்தது. பதினொன்றாம் நாள் ஒரு விரற்கடை அசைந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கையில் கரண்டியோடு ஓடி வந்து, என்னவோ ஏதோ என்று பயந்துபோய்த் திட்டினாள். எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த இன்ஜினில் அவை பிளாக்கில் இருக்கின்றன, இன்லெட் மட்டும் மேலே ஹெட்டில், அதனால்தான் பானெட் இத்தனை உயரம். நீ 'நெத்தி பெருசான ஜீப்பு' என்பாயே, அதே நெற்றிதான். அதற்கு டிங்கர் வேலையே தேவைப்படவில்லை. பழைய காலத்துத் தகடு.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டும்போது ஒயர் வரிசைக்குப் புத்தகத்தைத் தேடப் போனேன். தேடிக்கொண்டிருக்கும்போதே உன் குரல் காதில் வந்துவிட்டது. ஒன்று, மூன்று, நான்கு, ரெண்டு. இரண்டாம் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்வாய். சின்ன லிவரில் முன் சக்கரத்தைச் சேர்க்காமல் லோ கியர் விழாது என்று உன் மாமாவுக்கே நீ பாடம் எடுத்தாய், ஒன்பது வயதில். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சீட்டுக்கு அடியில் இருக்கிற டேங்கைக் கழற்றி, உள்ளே ஒரு பழைய சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கி, பழுப்புத் தண்ணீராக வந்த துருவைக் கொட்டினேன். நாலு நாள் வேலை அது. சாமான்களுக்கு ஜே.சி. ரோடு. அந்தப் பழைய கடைகளில் பாதி இல்லை, ஆனால் பின்னால் வந்த மஹிந்திரா ஜீப்புகளுக்கும் பல சாமான்கள் இதேதான் என்பதால் கிடைத்துவிடுகிறது. ஆர்.சி. புதுப்பிக்க, வண்டி ஓடத் தகுதியானது என்கிற எப்.சி. காட்ட வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு அஞ்சு வருடத்துக்கு ஒரு தரம் அந்த வேலை. அதையும் முடித்துவிடுவேன்.

நீ அங்கே இவ்வளவு பெரிய பொறுப்பில் இருக்கிறாய், உனக்குக் கீழே எத்தனையோ பேர் என்று தம்பி சொன்னான். கோயிலுக்குப் போனால், அல்சூர் சோமேஸ்வரர் சன்னிதியிலேயே அம்மா யாரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் போனை எடுத்து ரெண்டு நிமிஷம் பேச முடியாத அளவுக்கா அந்தப் பொறுப்பு? எடுத்தாலும் 'நல்லா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்' என்கிறாய். அந்த 'நல்லா இருக்கேன்' எனக்குத் தெரிந்த குரலில் இல்லை. சரி. வண்டியில் பிரேக் ஆயிலை மட்டும் பார்த்துவிடு. இது ரெண்டாம் தரம் எழுதுகிறேன் என்று தெரியும்.

பிரேக்கைக் கடைசியில்தான் தொட்டேன். மற்ற எல்லா வேலையும் முடிகிற வரைக்கும் அந்தப் பக்கமே போகவில்லை. அம்மா இரண்டு முறை கேட்டாள், 'பிரேக் பாத்தாச்சா?' என்று. பார்க்கிறேன் என்றேன்.

போன மாதம் இடது பின் சக்கரத்துக்குக் கீழே படுத்தேன். பிரேக் லைனில் இருக்கிற காற்றை வெளியேற்றத் திறந்து மூடுகிற அந்தச் சின்ன நிப்பிளின் தலையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டதும் பாதி உதிர்ந்தது. சைக்கிள் வால்வ் டியூப். அரை அங்குலம் வெட்டி, தூசி போகாமல் நீ மாட்டிவிட்டது. நாலு சக்கரத்துக்கும் மாட்டியிருந்தாய். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, நீயே யோசித்துச் செய்தாய். அடியில் நிப்பிள் இறுக்கமாக இருந்தது பாப்பா. ஸ்பேனரைப் போட்டு, பைப்பைச் செருகி, இரண்டு கையாலும் இழுத்துத்தான் கழற்றினேன்.

இது எனக்குப் புதுச் செய்தி இல்லை. அதைத்தான் எழுத வந்தேன். ஜீப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் இங்கே வருவதற்குக் கை வரவில்லை.

2006 மே மாதம், நந்தி மலைக்குப் போவதற்கு முந்தின ராத்திரி. பிரேக் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். புது கிட் வாங்கியிருக்க வேண்டும். அந்த மாதம் ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடப் பணம் கட்டியிருந்தேன். விடிந்தால் கிளம்ப வேண்டும், எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அதற்குள் இருந்த பழைய ரப்பர் கப்பையே பெட்ரோலில் அலசித் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். ரப்பரைப் பெட்ரோலில் போட்டால் ஊதிவிடும், பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தே செய்தேன். பெட்ரோல் கைக்கு எட்டினாற்போல் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்புறம் நான் பெடலை மிதித்தேன், நீ டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கீழே படுத்து, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாய். 'அழுத்துப்பா, பிடிப்பா, இப்ப விடுப்பா.' ஒரு சொட்டு வீணாக்கவில்லை.

ஊதின கப் பெடலை முழுக்கத் திரும்ப விடவில்லை. ஏறும்போதே பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே போய் டிரம் சூடாகியிருக்கிறது. இறங்கும்போது பெடல் முதலில் பஞ்சு மாதிரி ஆயிற்று, அப்புறம் தரைக்குப் போயிற்று. ஒரே லைன், ஒரு இடத்தில் போனால் நாலும் போச்சு. ஓடுகிற வண்டியில் கியர் சுலபமாக விழ உதவுகிற சிங்க்ரோ ஃபர்ஸ்ட் கியருக்குக் கிடையாது, கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே மலைப் பக்கமாக உரசி நிறுத்தினேன். மறுபக்கம் என்ன இருந்தது என்று இன்றைக்கும் சில ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மணிக்கட்டு ஒரு மாதிரித் திரும்பியிருந்தது. நான் இறங்கி வந்து முதலில் சொன்ன வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும். 'நிப்பிளைச் சரியா முறுக்கினியா?'

'முறுக்கினேன்ப்பா' என்றாய். ஆஸ்பத்திரியில் இன்னொரு தரம் சொன்னாய். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாய். பாட்டியிடம், மாமாவிடம், தொழிற்சாலையில் என் கூட இருந்தவர்களிடம், எல்லோரிடமும் நான் 'சின்னப் பொண்ணு, டைட் பண்ண மறந்துட்டா' என்றே சொன்னேன். பெரிய மனசோடு உன்னை மன்னித்துவிட்ட மாதிரி சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நீயும் தம்பியும் பாட்டி வீட்டில் இருந்தபோது கீழே படுத்துப் பார்த்தேன். நாலு நிப்பிளும் இறுக்கமாக, உன் வால்வ் டியூப் தொப்பியோடு இருந்தன. ஒரு சொட்டு கசியவில்லை. மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தேன். கப் தண்ணீரில் ஊறின ரொட்டி மாதிரி உப்பி, விளிம்பு கிழிந்திருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். சிலிண்டரைத் திரும்ப மாட்டி, ஜீப்பின்மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினேன். எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் 34 வருடம், அடுத்தவர் முறுக்கிய நட்டை டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதித்து, சரி என்றால் சரி, இல்லையென்றால் இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு முறைகூடப் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டில் போட்டேன்.

அதற்கப்புறம் நீ ஸ்பேனரைத் தொடவில்லை. உன் சைக்கிள் செயின் கழன்றால்கூடத் தம்பியைக் கூப்பிட்டாய். மெக்கானிக்கல்தான் படிப்பாய் என்று நான் நினைத்திருந்தேன், நீ காமர்ஸ் பாரத்தை நீட்டினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் சொல்ல நினைத்தேன், வீடு நிறைய ஆட்கள். போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, 'இதை என்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லுங்க' என்றாள்.

அதனால் சொல்கிறேன். உன் கை சரியாகத்தான் முறுக்கியது. தப்பு என்னுடையது, தெரிந்து செய்த தப்பு, தெரிந்தே உன் தலையில் வைத்த தப்பு. மன்னித்துவிடு பாப்பா. ஒன்று மட்டும். எங்கே எது கழன்று போனாலும், நாமதான் சரியாக முறுக்கவில்லை என்று எடுத்த எடுப்பில் நீயே முடிவு கட்டிக்கொள்ளாதே. அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான். என்ன, ஏது என்று நான் கேட்கமாட்டேன். அம்மாவும் கேட்கமாட்டாள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், கப், லைன் எல்லாம் புதிது. ஏர் எடுக்கத் தம்பியைக் கூப்பிடுகிறேன் என்றேன், அம்மா கேட்கவில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து அவள்தான் மிதித்தாள். மாஸ்டரிலிருந்து தூரத்துச் சக்கரம் முதலில் என்பதால் இடது பின்னாலிருந்து தொடங்கினோம். ஏழெட்டு மிதியில் குமிழி நின்றுவிட்டது. பெடல் கல் மாதிரி இருக்கிறது. நாலு நிப்பிளுக்கும் வால்வ் டியூப் வெட்டி மாட்டியிருக்கிறேன், நீ வெட்டின அதே அளவு.

மாடி வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. கீசரும் புதிது. சாவி ஜீப் சாவி மாட்டியிருக்கிற ஆணியிலேயே இருக்கிறது. டிக்கெட் போடுவதாக இருந்தால் தேதி சொல், ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். ஜீப்பில் வேண்டாம் என்றால் டாக்ஸியில் வருகிறேன். நீயாக வந்தாலும் சரி, ரெண்டு பேராக வந்தாலும் சரி.

கூரியர் வந்ததும் ஊறுகாய் பாட்டிலைப் பார். மூடியை நான்தான் முறுக்கினேன். கசிந்திருந்தால் சொல்.

அப்பா
முருகேஷ்பாளையா, பெங்களூரு